கொழுப்பு எடுத்த இடம் கெட்டியாகிறதே!

கேள்வி: எனக்கு 41 வயது. ஐந்து வாரங்களுக்கு முன் வயிற்றிலும் இடுப்பிலும் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டேன். முதல் பத்து நாள் வீக்கம் இருந்தாலும், தொட்டால் மெத்தென்றுதான் இருந்தது. இப்போது தொப்புளுக்குக் கீழே பலகை மாதிரி இறுகிவிட்டது. நடுநடுவே கட்டி கட்டியாகத் தட்டுப்படுகிறது. தோலும் மரத்துக் கிடக்கிறது. "நல்லெண்ணெய் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடு, கரைந்துவிடும்" என்கிறார் நாத்தனார். செய்யலாமா? மறுபடியும் ஆபரேஷன் தேவைப்படுமா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை.

பதில்: ஒத்தடம் வேண்டவே வேண்டாம். மரத்த தோலுக்குச் சூடு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். ஐஸ் கட்டிக்கும் இதே எச்சரிக்கைதான்.

உங்கள் வயிறு இறுகியது ஆறிக்கொண்டிருப்பதால்தான். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயைத் தோலுக்கடியில் முன்னும் பின்னும் செலுத்தித்தான் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். வெளியே தெரிவது சின்னச் சின்னத் தழும்புகள். உள்ளே அகலமான காயம். முதல் நாட்களில் குழாய் போன சந்துகளில் நிணநீரும், கசிந்த ரத்தமும், சிகிச்சையின்போது செலுத்திய மருந்து நீரின் மிச்சமும் நிறைந்திருக்கும். அதனால்தான் மெத்தென்று இருந்தது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நீர் வடிய வடிய, உடல் அங்கே கொலாஜன் நார்களை அவசர அவசரமாக, தாறுமாறாகப் போடுகிறது. கெட்டியாவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு அதே நார்களை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஒழுங்குபடுத்தும். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் நன்றாக இளகிவிடும். முழுதாகச் சீராக ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். நீர் கீழ்நோக்கி இறங்குவதால் அடிவயிறுதான் கடைசியில் இளகும்.

சிகிச்சைக்குப் பின் வயிற்றை அழுத்திப் பிடிக்க நீங்கள் போட்டிருக்கும் பெல்ட்டை ஒருமுறை கவனியுங்கள். நிற்கும்போது சரியாக இருக்கும். உட்கார்ந்ததும் தொப்புள் பக்கம் சுருண்டு மடியும். நாள் முழுக்க அந்த மடிப்பு அழுத்தினால், அதே கோட்டில் தோலில் பள்ளமும் ஓரத்தில் தடிப்பும் விழும். கட்டி என்று பயந்து வருபவர்களில் சிலருக்குக் கோளாறு பெல்ட்டில்தான் இருக்கிறது. ஒரு அளவு மாற்றினாலோ, உள்ளே ஃபோம் வைத்தாலோ போதும். இறுக்கக் கட்டினால் தோல் சீக்கிரம் ஒட்டும் என்பது வெறும் நம்பிக்கை.

மசாஜ் செய்யலாம், உங்கள் சர்ஜன் சரி என்றால். ஆனால் பயிற்சி பெற்றவர் தோலை மெல்ல நகர்த்தி நிணநீரை வடியவிடும் மசாஜாக இருக்கட்டும். கட்டியை உடைக்கிறேன் என்று எண்ணெய் விட்டு அழுத்திப் பிசைந்தால் புதிதாக ரத்தம் கட்டும், இன்னும் நார் சேரும். நாத்தனாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? தட்டினால் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் உள்ளே நீர் கோத்திருக்கலாம், ஊசியால் எடுத்துவிடுவார்கள். சிவந்து சூடாகி, வலி கூடிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சர்ஜனைப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஒரு கட்டி மட்டும் வளர்ந்தாலோ, மூன்று மாதமாகியும் துளியும் இளகாவிட்டாலோ ஸ்கேன் பார்ப்பது நல்லது. கட்டியைக் கரைக்க ஸ்டீராய்டு ஊசியை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அளவு மீறினால் அந்த இடம் மெலிந்து குழி விழும்.

மறு ஆபரேஷன் பற்றி ஆறு மாதத்துக்கு முன் பேச்சே வேண்டாம். உள்ளே இன்னும் மாறிக்கொண்டிருக்கும் வயிற்றின் மேடு பள்ளத்தை இப்போதே அளந்து திருத்த முடியாது. மரத்த இடத்தில் இனி ஊசி குத்துவது போலவும் அரிப்பாகவும் இருக்கும். நரம்பு விழித்துக்கொள்கிறது, சொறியாதீர்கள். அடுத்த செக்கப்புக்குப் பெல்ட்டோடே போய், உட்கார்ந்து, அது எங்கே மடிகிறது என்று சர்ஜனிடம் காட்டுங்கள்.