மின்சாரச் சட்டியில் ஸ்டூ சமைக்கும் முறை

அறுவடைக் காலத்தில் வீட்டிலுள்ளோர் யாவரும் களத்தில் இருக்கையில், அடுப்பண்டை ஒருவரை நாள் முழுவதும் நிறுத்தி வைப்பது எக்குடும்பத்துக்கும் சிரமமே. காலையில் கறியையும் காய்களையும் இட்டு மூடிவிட்டால் மாலைக்குள் தானே வெந்து நிற்கும் ‘ஸ்லோ குக்கர்’ என்னும் மின்சாரச் சட்டி இச்சிரமத்தைப் பெரிதும் குறைக்கும். ஆயினும், இதனை வாங்குவோரில் பலர் சாதாரண அடுப்பின் பழக்கத்தையே இதிலும் கையாண்டு, முதல் ஸ்டூவிலேயே மனம் சலித்துச் சட்டியைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். வேறு சிலர் செய்யும் பிழை இதனினும் பெரிது. அது வீட்டார் அனைவரையும் நோயில் கிடத்திவிடும்.

இச்சட்டிக்கு 1940-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவில் சிகாகோ நகரில் வசித்த இர்விங் நாக்சன் என்பவர். லிதுவேனியா நாட்டு யூதர்கள், சப்பாத் நாளில் நெருப்பு மூட்டலாகாதென்பதால், முந்திய நாள் பொழுது சாயுமுன் இறைச்சியும் பயறும் கிழங்கும் இட்ட பானையை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்து உண்பர் என்று தம் தாயார் சொல்லக் கேட்டதே அவருக்குத் தூண்டுகோல். 1971-இல் ‘கிராக்-பாட்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்த பின்னரே இது எங்கும் பரவிற்று.

உள்ளே கனத்த பீங்கான் கலம். அதைச் சூழ்ந்த உலோகக் கூட்டில் மின்கம்பிச் சுருள். உஷ்ணம் பக்கங்களிலிருந்து மெல்ல ஏறும். 200 வாட் கொள்ளும் சட்டி 8 மணி நேரம் இடைவிடாது ஓடினாலும் 1.6 யூனிட்டுக்கு மேல் செலவாகாது. வேகம் ஒன்றே வேண்டுவோர்க்குப் பிரஷர் குக்கரே ஏற்றது. ஆளின்றி வேகவேண்டுமாயின் இது சிறந்தது.

கறி தேர்ந்தெடுப்பதில் புதியவர் ஏமாறுவதுண்டு. விலை உயர்ந்த மெல்லிய கறி இதற்கு உதவாது. நீண்ட வேக்காட்டில் நார் நாராக உலர்ந்துபோகும். ஆட்டின் கழுத்து, முன்சப்பை முதலிய உழைத்த பாகங்களில் கொலாஜன் என்னும் சவ்வுப் பொருள் மிகுதி. அது மிதமான சூட்டில் பல மணி நேரம் கிடந்தால் ஜெலட்டினாக இளகி, கறியை மிருதுவாக்குவதோடு குழம்புக்கும் கொழுமை தரும். முற்றிய ஆட்டின் கறிக்கு இதைவிட நல்ல வழி அரிது.

4 லிட்டர் சட்டிக்கு 1 கிலோ கறி, ½ கிலோ உருளைக்கிழங்கு, காரட்டும் வெங்காயமும் தலா ¼ கிலோ, தண்ணீர் 400 மில்லி போதும். கறியைச் சிறிது எண்ணெயில் செம்மை நிறம் வருமட்டும் வதக்கிக்கொள்ளுதல் நலம். சட்டிக்குள் அந்நிறமும் மணமும் உண்டாகா. கிழங்கும் காரட்டும் அடியில் இருத்தல் வேண்டும். கறியைக் காட்டிலும் கிழங்கு இச்சட்டியில் தாமதித்து வேகும் என்பதைப் பலர் நம்புவதில்லை. மேலே இட்டுவிட்டு, கறி குழைந்தும் கிழங்கு கடினமாயிருப்பதைக் கண்டு வியப்பர். கறியை அதன்மேல் பரப்பி, உப்பு, மிளகு, பட்டை, இரண்டு கிராம்பு சேர்த்து, கொதிக்கும் நீரை ஊற்றி மூடவேண்டும். முதல் ஒரு மணி நேரம் அதிகச் சூட்டிலும், பின்னர் 7 அல்லது 8 மணி நேரம் குறைந்த சூட்டிலும் வைக்கலாம். தேங்காய்ப் பால் சேர்ப்பதாயின் கடைசி அரை மணியில்தான். முன்னரே ஊற்றினால் திரிந்துவிடும்.

நீர் ஏன் இவ்வளவு குறைவு? மூடிய சட்டியில் ஆவி வெளியேறுவதில்லை. கறியும் காய்களும் விடும் சாறு அப்படியே தங்கும். அடுப்புக் குழம்பின் அளவில் நீர் விடுபவர்க்கு இறுதியில் கிடைப்பது சப்பென்ற கறித் தண்ணீரே. மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும் கூடாது. ஒருமுறை திறப்பதால் இழக்கும் சூட்டை மீண்டும் பெற 20 அல்லது 30 நிமிஷம் ஆகும்.

இனி முக்கியமானது. 5 டிகிரி சென்டிகிரேடுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். இவ்வெல்லையைச் சட்டி மெல்லவே கடப்பதால், உறைந்த கறியை நேராக இடலாகாது; கலத்தைப் பாதிக்குக் குறைவாகவோ மூன்றில் இரண்டு பங்குக்கு மேலாகவோ நிரப்பலாகாது. பழைய சட்டியைச் சோதிக்க எளிய வழியுண்டு. பாதியளவு நீர் ஊற்றிக் குறைந்த சூட்டில் 8 மணி நேரம் வைத்து, மூடி திறந்த உடனே உஷ்ணமானியால் அளக்க வேண்டும். 85 டிகிரிக்குக் குறைந்தால் அச்சட்டி சமையலுக்கு ஆகாது.

ராஜ்மா என்னும் செந்நிறப் பயறை ஸ்டூவில் சேர்க்க விரும்புவோர் பெரிதும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். அதில் லெக்டின் வகையைச் சேர்ந்த நஞ்சொன்று இயற்கையாகவே உண்டு. பச்சையாக நாலைந்து விதை தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் காணும். கொதிநிலையை எட்டாத சூட்டில் அரைகுறையாக வெந்த பயறு பச்சைப் பயறினும் கொடியதாகக்கூடும் என்பது கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே, ஊறிய பயறுதானே, சட்டியே வேகவைத்துக்கொள்ளும் என்று விடுவது பேராபத்து. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பின்னரே சட்டியில் சேர்க்கலாம்.

மின்சாரம் தடைப்படும் ஊர்களில் மற்றொரு கவலையும் உண்டு. ஆள் இருக்கையில் நின்றால் உடனே எடுத்து அடுப்பில் வேகவைத்து முடித்துக்கொள்ளலாம். எவரும் இல்லாதபோது நின்று, எவ்வளவு நேரம் நின்றதென்று தெரியாவிடின், ஸ்டூ வெந்ததுபோல் தோன்றினும், மணம் கெடாவிடினும், கொட்டிவிடுவதே தகும். ஒரு கிலோ கறியைக் கொட்ட எவர்க்கும் மனம் வராதுதான். எனினும் களத்துக்கு வந்தோர்க்கு அதைப் பரிமாறலாகாது.

மீந்ததைச் சட்டியிலேயே விட்டு வைக்காமல், 2 மணி நேரத்துக்குள் அகன்ற சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். மறுநாள் அதை அடுப்பிலேயே கொதிக்கச் சூடாக்கவேண்டும்; சட்டி அவ்வேலைக்கு மிகவும் மந்தம். பீங்கான் கலம் நன்கு ஆறிய பின்னரே கழுவவேண்டும். சூட்டோடு குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும்.