ஆடுமாடுகளின் கால் நொண்டுதல்: காரணமும் நிவாரணமும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிற் பலர் கடன் பெற்று ஆடு, மாடுகள் வாங்கி ஜீவனம் நடத்துகின்றனர். நொண்டும் ஆடு மேய்ச்சலில் பின்தங்கும். இரை குறைந்து மெலியும். பால் வற்றிக் குட்டியும் வாடும். சந்தையில் அதற்கு உரிய விலை கிடையாது. கடன் தவணை மட்டும் குறைவதில்லை. ஆதலால் நொண்டுதலை அற்ப விஷயமென்று விடலாகாது. நொண்டுவதைக் கண்ட அன்றே ஆட்டை மந்தையினின்று பிரித்து, காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

நிலமும் குளம்பும்

முன்னாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பாலவாக்கத்தை உதாரணமாகக் கொள்வோம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். கடலோர மணல் மழை விட்டதும் உலர்ந்துவிடும். ஆனால் மிருதுவான மணலில் குளம்பு தேயாமல் நீண்டு வளையும். கால்வாயை அடுத்த தாழ்ந்த பூமியிலோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரம் தங்கும். அங்கே நிற்கும் ஆட்டின் குளம்பிடைத் தோல் ஊறிப்போய், கிருமி புக வழி உண்டாகும். ஆகவே மழைக்காலத்தில் பட்டியை மேட்டுப் பாங்கான உலர்ந்த இடத்திற்கு மாற்றுவதே முதல் மருந்து.

வியாதியை அறியும் விதம்

1. ஒரு கால் மட்டும் நொண்டினால் முள், கல், ஆணி உண்டா என்று பார்க்கவும். வண்டி மாடாயின் லாட ஆணி தவறிப் பாய்ந்திருக்கிறதா என்றும் கவனிக்கவும்.

2. குளம்பிடை புண்ணாகித் துர்நாற்றம் வீசி, குளம்பு ஓடு கழன்றால் அது குளம்பழுகல். இது தொத்து வியாதி.

3. பல கால்நடைகள் ஒருங்கே நொண்டி, வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளம் கண்டு, எச்சில் ஒழுகினால் கோமாரி. செம்மறியாட்டில் வாய்ப்புண் தெரியாமல் நொண்டுதல் மட்டுமே தோன்றுவதும் உண்டு.

4. செம்மறியாட்டுக்குக் காய்ச்சலும் முக வீக்கமும் கண்டு, குளம்பும் தோலும் சேருமிடம் சிவந்தால் நீலநாக்கு நோயாகலாம். இதைப் பரப்புவது ஒருவகைச் சிறு பூச்சி.

5. கொழுத்த இளம் மாடு திடீரென்று நொண்டி, தொடை வீங்கி, அழுத்தினால் நறநறவென்றால் சப்பை நோய். ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். கணமும் தாமதியாமல் மிருக வைத்தியரை அழைக்கவும். இறந்ததன் தோலை உரிக்காமல், சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கவும்.

குளம்பழுகலுக்குச் சிகிச்சை

அழுகிய குளம்பை இரத்தம் வரும்வரை செதுக்குவது பழைய வழக்கம். அவ்வாறு செதுக்கினால் புண் ஆறுவது தாமதமாகும் என்பது இக்கால ஆராய்ச்சியின் முடிவு. ஆகவே கத்தியை நாடாமல், வைத்தியர் மூலம் கிருமிநாசினி ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து தெளிக்கவும். ஊசி போட்டபின் வைத்தியர் குறிப்பிடும் நாட்கள்வரை பாலையும் இறைச்சியையும் விற்கலாகாது. நீண்டு வளைந்த குளம்பின் நுனியைத் திருத்துவதாயின், புண் ஆறிய பிறகு, இரத்தம் வராமல் திருத்தவும்.

மற்ற ஆடுகளுக்குக் கால் குளியல் நன்மை தரும். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சிங்க் சல்பேட் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, குளம்பு முழுகச் சில நிமிஷங்கள் நிறுத்தவும். பின்பு ஒரு மணி நேரம் உலர்ந்த தரையில் நிற்கட்டும். மயில்துத்தமும் இதற்கு வழங்குவதுண்டு. ஆயினும் செம்மறியாட்டுக்குச் செம்புச் சத்து விஷம். கரைசலைக் குடிக்க விடலாகாது, குட்டையிலும் கொட்டலாகாது.

சங்கத்தின் கடமை

கோமாரியைத் தீர்க்கும் மருந்து இல்லை; தடுப்பூசியே காவல். 2019-ல் இந்திய சர்க்கார் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்நோய்க்குத் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. சப்பை நோய்க்கும் நீலநாக்கு நோய்க்கும் மழைக்கு முன்னரே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் தம் ஆட்டுக்கு மட்டும் ஊசி போட்டு, அண்டை வீட்டார் போடாவிட்டால் வியாதி ஊரிலேயே தங்கும்.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் பொதுவில் ஒரு கால் குளியல் தொட்டி அமைத்து, சிங்க் சல்பேட் வாங்கி வைத்து, ஊசி போடும் நாளை அங்கத்தினர்க்கு முன்கூட்டித் தெரிவிப்பது நலம். சந்தையில் வாங்கிய புது ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டிவைத்துப் பார்த்த பின்னரே மந்தையில் சேர்க்கவும். கடன் கொடுப்பதோடு சங்கத்தின் வேலை முடிவதில்லை. அக்கடனால் வாங்கிய ஆடு நான்கு காலிலும் நன்றாய் நடக்கச் செய்வதும் அதன் வேலையே.