‘கிடைத்தது’ என்ற பதில் தாமதமானால்?

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர், போடி, சின்னமனூர் போன்ற ஊர்களிலுள்ள கண் பரிசோதனை மையங்களுக்கு வருவோரை வீடியோ வழியே பார்க்கும் ஏற்பாடு சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. அப்போது சிற்றூர்களில் வேகமான இணையம் ஏது? பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, கோபுரங்களில் திசை ஆன்டெனாக்களைப் பொருத்தி, சாதாரண வைஃபையைப் பல கிலோமீட்டர் எட்டவைத்தது.

வைஃபையின் நெறிமுறை எளியது. ஒரு தகவலை அனுப்பு. ‘கிடைத்தது’ என்ற ஒப்புகைக்குக் காத்திரு. குறித்த நேரத்தில் வராவிட்டால் மறுபடி அனுப்பு. அறைக்குள் இதில் சிக்கலில்லை. ஆனால் ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் செல்லும். எதிரொலிக் கணக்குத் தெரிந்த மாணவர், 15 கி.மீ. போய்வர 100 மைக்ரோ விநாடி ஆகும் என்று சொல்லிவிடுவார். அன்றைய 802.11பி வைஃபையின் அடிப்படைக் காலத்துண்டோ வெறும் 20 மைக்ரோ விநாடி!

இதை மைதானத்தில் நடத்திப் பார்க்கலாம். இரு மாணவர்கள் இரு முனைகளில் நிற்கட்டும். கடிதத்தையும் பதில் கொடியையும் சுமக்க ஒருவர் ஓடட்டும். அனுப்பியவர் பத்து எண்ணும்வரை காத்திருப்பார். ஆட்டத்துக்கு முன்பே, என்னென்ன நடக்கக்கூடும் என்று பட்டியலிடச் சொல்லுங்கள். கடிதமும் கொடியும் வந்தன, கடிதம் தொலைந்தது, கொடி தொலைந்தது. பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ‘கொடி தாமதமாக வந்தது’ என்ற நான்காவதுதான் நமக்கு வேண்டியது.

இனி அனுப்பியவரின் இடத்தில் நின்று பார்க்கட்டும். கடைசி மூன்றிலும் பத்து எண்ணி முடிக்கும்போது அவர் காண்பது ஒன்றே: கொடி இல்லை. எனவே மறுபடி அனுப்புவார். ஒரே கடிதம் இருமுறை சேரலாம். தாமதமான கொடி, அடுத்த கடிதத்துக்கான பதிலாகவும் தோன்றலாம். கடிதங்களுக்கும் கொடிகளுக்கும் 0, 1 என்று மாறிமாறிக் குறியிட்டு, அதே பட்டியலை வரி வரியாகச் சோதியுங்கள். இரண்டு பிழைகளும் மறையும். எல்லா நிலைகளையும் ஒன்றுவிடாமல் சோதிக்கும் இவ்வேலையை ‘ஸ்பின்’ போன்ற மென்பொருள்கள் லட்சக்கணக்கான நிலைகளுக்குச் செய்கின்றன.

குறியீடு குழப்பத்தைத்தான் தீர்க்கும். வீணாகும் நேரத்தை அல்ல. காத்திருப்பை நீட்டினால் அனுப்புபவர் சும்மா நிற்பார். தொலைவில் இருப்பவர் பேசத் தொடங்கியது உடனே கேட்காததால், இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பி மோதவும் செய்வார்கள். பெர்க்லி குழு 2007-இல் வெளியிட்ட ‘வைல்டுநெட்’ முறையில் இரு முனைகளும் முறைவைத்துப் பேசின. பல தகவல்களுக்குச் சேர்த்து ஒரே ஒப்புகை போனது. மைதானத்திலும் ஐந்து கடிதங்களுக்கு ஒரு கொடி என்று மாற்றி, ஓடியவரிடம் எத்தனை நடை மிச்சமானது என்று கேளுங்கள்.