பிரேக் சொல்லும் சேதியைக் கேளுங்கள்



கொட்டகலையில் நாம் எங்கே புறப்பட்டாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே எத்தனை வளைவுகள்! இந்த ரோட்டில்தான் நமது பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள், கர்ப்பிணித் தாய்மார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், கொழுந்து லொறி பெக்டரிக்குப் போகிறது. ஆகவே இந்த முறை பாடம் பிரேக்கைப் பற்றியது. டிரைவர்மாருக்கு மட்டுமல்ல, வண்டியில் ஏறுகிற எல்லோருக்கும் இது உரியது.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் நடந்த விபத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களின் பஸ், எதிரே வந்த வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. அந்த இரண்டு வண்டிகளிலும் வந்த 7 பேர் உயிரிழந்தார்கள். பஸ்ஸின் பிரேக் செயலிழந்ததாக அப்போது செய்திகள் கூறின.

நமது பக்கத்தில் ஓடுகிற வண்டிகளில் அநேகமானவை பழையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. புது வண்டியின் விலை நமக்கு எட்டுவதில்லை. இருக்கிற வண்டியைத்தான் ஓட்ட வேண்டும். பழைய வண்டி ஓட்டுவது குற்றமில்லை. பார்க்காமல் ஓட்டுவதுதான் ஆபத்து.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

காலால் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஒயில் குழாய் வழியே சக்கரத்துக்குத் தள்ளப்படுகிறது. அங்கே இருக்கும் சின்ன சிலிண்டர், லைனர் ஒட்டிய பிரேக் சூவை டிரம்மோடு அழுத்துகிறது. உராய்வில் வண்டி நிற்கிறது. அந்த உராய்வு வெப்பமாக மாறுகிறது.

எவ்வளவு வெப்பம் தெரியுமா? ஆட்களோடு சேர்த்து 650 கிலோ எடையுள்ள முச்சக்கர வண்டி 100 மீற்றர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், கிட்டத்தட்ட இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் அந்த டிரம்களில் ஏறும். மூன்று பேர் போகிற வண்டியில் ஏழெட்டுப் பிள்ளைகளை ஏற்றினால் வெப்பம் இன்னும் கூடும்.

ஒயிலில் தண்ணீர்

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நமது மழைக்கும் பனிக்கும் கேட்கவா வேண்டும்! டொட் 3 வகைப் புது ஒயில் 205 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியதும் அதே ஒயிலுக்கு அந்த விதி 140 பாகைதான். இறக்கத்தில் சூடேறி ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். அப்போது பெடல் சும்மா கீழே போகும், பிரேக் பிடிக்காது. "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்வது இதனால்தான்.

எனவே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது பழைய ஒயிலை முழுக்க இறக்கி, புதிதாக ஊற்றி, எயார் எடுக்க வேண்டும். மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். எஞ்சின் ஒயிலை ஒருபோதும் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

பிரேக் முன்கூட்டியே சொல்லும் சேதி

1. பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் குழாயில் எயார் இருக்கிறது.
2. மிதித்துப் பிடிக்கும்போது மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கேயோ கசிகிறது.
3. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை.
4. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால் லைனர் தேய்ந்து முடிந்துவிட்டது.
5. ஒயில் அடிக்கடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியமல்ல. எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

காலையில் இரண்டு நிமிடம்

வண்டியை எடுக்குமுன் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். சக்கரத்தின் உட்பக்கம் ஈரக்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெடலை அழுத்தி 30 எண்ணும்வரை பிடியுங்கள். பிறகு சமதரையில் மெதுவாக ஓட்டி ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். லொறி, பஸ் ஓட்டுகிறவர்கள் எயார் டாங்கியின் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். எயார் அளவு ஏறாமல் வண்டியை அசைக்கக் கூடாது.

இறக்கத்தில்

ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். எஞ்சின் தாங்க வேண்டிய பாரமெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். காலைப் பெடலிலேயே வைத்துக்கொண்டும் இறங்க வேண்டாம். வேகம் கூடும்போது நன்றாக அழுத்திக் குறைத்து, பிறகு காலை எடுங்கள். கருகிய வாசம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

அப்படியும் பிரேக் போய்விட்டால் பெடலை விட்டுவிட்டு வேகவேகமாக மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹோர்னை அடித்துக்கொண்டே, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்க மண்ணோடு அணைத்து நிறுத்தப் பாருங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

வருடா வருடம் எடுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழை வைத்துக்கொண்டு "வண்டி பாஸ்" என்று எண்ண வேண்டாம். அது புகையைத்தான் பார்க்கிறது, பிரேக்கை அல்ல. பிள்ளைகளை மாத வாடகைக்கு ஏற்றும் டிரைவர் தம்பியிடம், "கடைசியா எப்ப பிரேக் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கேட்டால் கோபிக்கவும் நியாயமில்லை. அவரும் லைனர் மாற்றக் காசில்லாமல் தவிக்கலாம். ஒரே வண்டியில் பிள்ளைகளை அனுப்பும் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் வாடகையில் கொஞ்சம் முன்பணமாகக் கொடுத்தால், அவர் அந்த வாரமே கராஜுக்குப் போவார். லைனருக்குச் செலவழிக்கும் பணம் நமது பிள்ளைகளுக்குச் செலவழிக்கும் பணம்தான்.

வருமுன் காப்போம்.