சிங்காநல்லூரில் தானாய் முளைக்கும் கீரைகள்

உழுது விதைத்து நீர் பாய்ச்சி வளர்க்கும் கீரையை நாம் அனைவரும் அறிவோம். விதைப்பாரின்றி, மழை பெய்த பத்தாம் நாள் தானே முளைத்து நிற்கும் கீரைகளை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? தாவரவியல் மாணவனாகிய நானே இரண்டாண்டுகள் அவற்றைக் ‘களை’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். சென்ற ஐப்பசியில் என் அம்மாயியுடன் சிங்காநல்லூரைச் சுற்றி நடந்தபோது எழுதிய குறிப்பேட்டிலிருந்து சிலவற்றை இங்கே தருகிறேன்.

திருச்சி சாலையில் பேருந்து நிலையமும் உழவர் சந்தையுமாக நெருக்கடி மிகுந்த சிங்காநல்லூர், 1981இல் கோவை மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்தது. அம்மாயி வாழ்க்கைப்பட்டு வந்த நாளில் மில் சங்கு ஊதும் தொலைவிலேயே சோளக்காடு இருந்ததாம். காட்டு வேலை முடித்து வரும் பெண்கள் மடி நிறையக் கீரையோடுதான் வீடு திரும்புவார்களாம். அந்தக் காடுகள் இன்று வீட்டுமனைகள். ஆயினும் வீடு கட்டாமல் கிடக்கும் மனைகளில் பழைய விதைகள் முளைக்கத்தான் செய்கின்றன.

ஒரே காலைப்பொழுதில் பதினொரு வகைகளைக் கண்டோம். குப்பைமேட்டில் குப்பைக்கீரை, தாவரவியலில் இது அமராந்தஸ் விரிடிஸ். வேலியோரம் தொய்யக்கீரை. இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த பூங்கதிரோடு பண்ணைக்கீரை. கதிர் வந்துவிட்டால் இலை முற்றிவிடும் என்று அம்மாயி அதைத் தொடவில்லை. மணத்தக்காளியை எங்கள் பக்கம் சுக்குட்டி என்போம். அதன் கறுத்துப் பழுத்த கனியைத் தின்னலாம். பச்சைக் காயில் சொலானின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. “காயை வாயில வெக்காத சாமி” என்று அம்மாயி சொன்னதற்கு வேதியியல் விளக்கம் அதுதான். முடக்கறுத்தான் விதையில் வெள்ளையாக இதய வடிவப் புள்ளி ஒன்று இருக்கும். கார்டியோஸ்பெர்மம் என்ற பெயர் அதனால் வந்தது என்று நான் விளக்கியபோது, “தோசைக்கு அரைச்சா எல்லாம் ஒண்ணுதான்” என்றார்.

சாரணைக் கீரையில் மட்டும் அவர் மிகுந்த எச்சரிக்கை காட்டினார். தளிரை மட்டும் கிள்ளி, வேகவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கடைவார். அதில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. அதில் ஒரு பகுதி நீரில் கரைந்து வெளியேறும். நாம் ஆய்வகத்தில் கற்பதை அவர் அடுப்படியில் செய்துவருகிறார்.

இதை வறுமையின் உணவென்று சிரிப்போர் உண்டு. தெலங்கானாவில் ஜகீராபாத் வட்டாரத்தில் 1983இல் தொடங்கப்பட்ட டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் தலித் பெண் விவசாயிகள், விதைக்காத கீரைகளையும் விளைச்சலாகவே கணக்கிடுகிறார்கள். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் கீரை பறித்துத் தின்றதற்காக ஸ்டீவ் பிரில் என்பவரை 1986இல் கைது செய்தார்கள். பின்னர் பூங்காத் துறையே அவரை வேலைக்கு அமர்த்தி மக்களுக்கு அந்தச் செடிகளைக் காட்டச் சொன்னது! நம் ஊரில் யாரும் கைது செய்யப்போவதில்லை. இங்கு அச்சம் வேறு.

அந்த அச்சம் குளக்கரையில் தொடங்கியது. நொய்யலாற்று நீரால் நிறையும் சிங்காநல்லூர்க் குளத்தை 2017இல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. பறவைகளும் மரங்களும் நிறைந்த இடம். ஆனால் அங்கு நகரின் சாக்கடை நீரும் வந்து சேர்கிறது. கரையில் பொன்னாங்கண்ணி செழித்து நின்றது. அம்மாயி குனிந்தார்.

“அம்மாயி, இங்க பறிக்க வேண்டாமுங்க.”

“ஏன் சாமி? உன்ற அம்மா இந்தக் கரைக் கீரையைத் தின்னுதான வளந்தா?”

உண்மைதான். ஆனால் அன்று ஓடிய நீர் வேறு. மின்முலாம் பூசுதல், மின்கலத் தொழில் போன்றவற்றின் கழிவில் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். ஈயம் பெரும்பாலும் தூசியாக இலைமேல் படிவதால் நன்றாகக் கழுவினால் ஒரு பகுதி போய்விடும். காட்மியமோ வேர் வழியே உறிஞ்சப்பட்டு இலைக்குள்ளேயே தங்குகிறது. கழுவினாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் அழியாது. உண்டவர் சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்கில் சேரும். சாக்கடை நீரில் கீரை செழித்து வளர்வது அதன் நலத்துக்குச் சான்றாகாது. தழைச்சத்து மிகுந்த இடத்தில் எந்தக் களையும் கொழுக்கும்.

இதையெல்லாம் சொன்னேன். அம்மாயி நெடுநேரம் பேசவில்லை. அறுபதாண்டுகளாகக் கைகொடுத்த இடத்தை ஒரு பேரன் வந்து விலக்கினால் யாருக்குத்தான் வருத்தமிராது? கீரையைப் பற்றி அவர் அறிந்தது எதுவும் பொய்யில்லை. மண்தான் மாறிவிட்டது. உழவர் சந்தையில் காசு கொடுத்து வாங்க இயலாத வீட்டுக்கு இந்த விலக்கு ஒரு வேளைக் குழம்பையே பறிக்கிறது என்பதையும் நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

வீடு திரும்பியதும் வரைபடத்தாளில் சிங்காநல்லூரை வரைந்தேன். குளக்கரை, சாக்கடையோரம், திருச்சி சாலையோரம், களைக்கொல்லி அடித்த மனைகள் ஆகியவற்றுக்குச் சிவப்பு. இருகூர்ப் பக்கம் கிணற்று நீர் பாயும் தோட்டங்களுக்கும் சில காலி மனைகளுக்கும் பச்சை. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் பறிக்க வேண்டும் என்பதையும் ஓரத்தில் எழுதினேன். படித்தவன் வரைந்த படம் என்ற பெருமிதத்தோடு அம்மாயியிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், பச்சை தீட்டிய ஒரு காலி மனையின்மேல் விரலை வைத்தார். குப்பைக்கீரை இடுப்பளவு வளர்ந்திருந்த மனை அது. எவ்விதப் பட்டறையும் அங்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

“இதுலயா பறிக்கச் சொல்ற? நீ பொறக்கறதுக்கு முன்னால இங்க பேட்டரி ஒடைக்கற பட்டறை இருந்துச்சு கண்ணு. கறுப்புத் தண்ணிய அப்படியே மண்ணுலதான் ஊத்துவாங்க.”

மண்ணில் இறங்கிய ஈயம் எளிதில் அகலாது என்பதைப் பரீட்சையில் எழுதியவன் நான். ரப்பரை எடுத்து அந்தப் பச்சையை அழித்தேன். பிறகு மற்ற காலி மனைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி, அங்கு முன்பு என்ன இருந்தது என்று அம்மாயியைக் கேட்டு எழுதிக்கொள்ளலானேன்.