மீன் தொட்டியில் மூச்சு முட்டாமல் இருக்க

ஆரையம்பதியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கோ விடியற்காலைதான் தலையிடி. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். உடனே நோயென்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். தண்ணீரில் காபனீரொட்சைட்டு தேங்கியிருக்கலாம், ஒட்சிசன் குறைந்திருக்கலாம். அநேகமாக இரண்டும் சேர்ந்தே வரும்.

1. விளக்கை அணைத்தபின் தொட்டிச் செடியும் மீனோடு சேர்ந்து ஒட்சிசனை இழுக்கும். அதனால் விடியும் நேரத்தில்தான் காபனீரொட்சைட்டு உச்சத்தில் நிற்கும். பம்பியின் வாயை நீர்மட்டத்துக்கு உயர்த்தி, மேற்பரப்பு சலசலக்க விடுங்கள். குசினிக்குப் பக்கத்துத் தொட்டியில் பொரியல் எண்ணெய் ஏடாகப் படியும். பழைய பத்திரிகைத் தாளை மேலே விரித்து எடுத்தால் ஏடு அதோடு வந்துவிடும்.

2. கிணற்றுத் தண்ணீரை அள்ளியவுடன் ஊற்றாதீர்கள். நிலத்தடி நீரில் காபனீரொட்சைட்டு கூடுதலாகவும் ஒட்சிசன் குறைவாகவும் இருப்பது வழக்கம். தேத்தண்ணி ஆற்றுவதுபோல இரண்டு வாளிகளுக்கிடையே பத்துத் தடவை மாற்றி ஊற்றி, ஓர் இரவு திறந்து வையுங்கள். அள்ளியவுடனும் மறுநாளும் பீ.எச். பாருங்கள், ஏறியிருந்தால், வாயு வெளியேறிவிட்டது.

3. செடிக்காகக் காபனீரொட்சைட்டு விட ஆசைப்படுவோருக்கு: ஐதரில்லா தண்ணீரிலுள்ள இருகாபனேற்றையே எடுத்து வளரும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்டீ மெதுவாக வளர்கிற செடி, இருப்பதைக்கொண்டு சமாளிக்கும். இந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த குறிப்பே தேவையில்லை.

4. அதற்கும் மனம் கேட்காதவர்கள் ஈஸ்ட் போத்தல் செய்யலாம். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் 200 கிராம் சீனி, கால் தேக்கரண்டி ஈஸ்ட், முக்கால் பங்குக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர். மூடியில் துளையிட்டு மெல்லிய குழாய். அது நேரே தொட்டிக்குப் போகக்கூடாது. பாதித் தண்ணீர் விட்ட சின்னப் போத்தலொன்றை இடையில் வையுங்கள், நுரை அங்கே தங்கும். குழாயில் ஒருவழி வால்வும் வேண்டும். குழாய் அடைபட்டால் போத்தல் வெடிக்கும், கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். நமது வெக்கைக்கு ஈஸ்ட் அவசரப்பட்டுப் பொங்கிச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். அளவைக் குறைத்தால் கூடுதல் நாள் நிற்கும். புளித்த கள் வாடையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரவில் இதை நிறுத்த வழியில்லை என்பதால் விளக்கணைந்ததும் காற்றுப் பம்பியைப் போட்டுவிடுங்கள்.

5. செடித் தொட்டிக்கு லீற்றருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை காபனீரொட்சைட்டு போதும். காபனேற்றுக் கடினத்தன்மை 4 பாகையாக இருந்தால், பீ.எச். 7.0 என்பது சுமார் 12 மில்லிகிராம், 6.6 என்பது 30, 6.4 என்பது 48. கடைசிக் கணக்கில் மீன் தப்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

6. கடற்கரைச் சிப்பியும் மணலும் அழகுதான். ஒரு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. தண்ணீரின் கடினத்தன்மை ஏறும், மேலே சொன்ன கணக்கும் மாறும்.

7. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பி ஒன்று வாங்கி வையுங்கள். இல்லையென்றால் கால் மணிக்கொரு தடவை செம்பால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். தீனி போடவேண்டாம். கச்சான் காற்று வீசும் நாட்களில் கூடுதல் கவனம்: 25 பாகையில் லீற்றருக்கு 8.2 மில்லிகிராம் ஒட்சிசன் தாங்கும் தண்ணீர், 30 பாகையில் 7.5தான் தாங்கும்.

8. மாரியில் யன்னலைப் பூட்டிக்கொண்டு நாலு பேர் படுக்கும் அறையில் தொட்டி இருக்கலாமா? இருக்கலாம். வெளிக்காற்றோடு ஒத்திருக்கும் தண்ணீரில் லீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவில்தான் காபனீரொட்சைட்டு. அறைக்காற்றில் அது நாலு மடங்கானாலும் தண்ணீரில் இரண்டு மில்லிகிராமைச் சுற்றித்தான் நிற்கும். ஈஸ்ட் போத்தலால் நமக்கு ஆபத்தா என்றும் கேட்பார்கள். 200 கிராம் சீனி தருவது மொத்தமாக 100 கிராம் வாயு. ஓர் ஆள் ஒரு நாளில் விடும் மூச்சிலேயே ஏறத்தாழ ஒரு கிலோ போகிறது.

9. பைட்டரும் குராமியும் மேலே வந்து காற்றுக் குடிப்பது பிறவிக் குணம். அதைப் பார்த்துப் புதுப் பம்பி வாங்க ஓடாதீர்கள்.