அச்சாரமும் ஆப்ஷனும்

நம் வியாபாரிகளுக்கு அச்சாரம் புதிய சங்கதியன்று. ஆயர் ஈத்தாமில் ஒரு கடைவீடு விலைக்கு வருகிறது. கையில் முழுப் பணமில்லை. மூன்று மாதத் தவணை பேசி, ஆயிரம் வெள்ளி அச்சாரம் கொடுக்கிறோம். தவணைக்குள் வாங்கினால் வீடு நமக்கு. வாங்காவிட்டால் அச்சாரம் போயிற்று, அதற்குமேல் நஷ்டமில்லை. பங்கு மார்க்கெட்டில் ‘ஆப்ஷன்’ என்பதும் ஏறக்குறைய இதுவே. ஒரு பங்கைக் குறித்த விலைக்கு, குறித்த தவணையில், வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையைப் பணம் கொடுத்துப் பெறுகிறோம். வாங்கும் உரிமைக்குக் ‘கால்’ என்றும், விற்கும் உரிமைக்குப் ‘புட்’ என்றும் பெயர். வித்தியாசம் ஒன்றுண்டு. வீட்டு அச்சாரம் விலையில் கழியும். ஆப்ஷனுக்குக் கொடுத்த பணம் கழியாது.

1973 ஏப்ரலில் சிக்காகோ நகரில் 16 கம்பெனிகளின் பங்குகளை வைத்து இவ்வியாபாரத்துக்கெனத் தனி மார்க்கெட் ஏற்பட்டது. கோலாலம்பூரில் பங்கு விலைக் குறியீட்டின்மீது ஆப்ஷன் வந்தது 2000ஆம் ஆண்டில். இன்று நம் நாட்டில் சிறு முதலீட்டாளர் கைக்கு எளிதில் எட்டுவது, புர்சா மலேசியாவில் விற்கும் ‘ஸ்ட்ரக்சர்டு வாரண்டு’. பாங்குகளும் தரகு நிறுவனங்களும் இவற்றை வெளியிடுகின்றன. பெயர் வேறாயினும் சரக்கு ஒன்றே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கின் விலை 10 வெள்ளி. அதன் ‘கால்’ வாரண்டில் குறித்த விலை 10 வெள்ளி 50 காசு. ஐந்து வாரண்டு சேர்ந்தால் ஒரு பங்குக்குச் சமம். வாரண்டின் விலை 10 காசு. நாம் 10,000 வாரண்டு வாங்கினால் முதல் 1,000 வெள்ளி. தவணை நாளில் பங்கு 11 வெள்ளி 50 காசுக்கு ஏறியிருந்தால் 2,000 வெள்ளி கிடைக்கும். 11 வெள்ளியில் நின்றால் போட்ட முதல் மட்டும் திரும்பும். 10 வெள்ளி 40 காசில் நின்றாலோ ஒரு காசும் வராது. கவனியுங்கள்: பங்கு ஏறத்தான் செய்தது, ஆனால் பணம் முழுவதும் போயிற்று! பங்கு ஏறினால் மட்டும் போதாது. போதிய அளவு, தவணைக்குள் ஏறவேண்டும். ஐஸ் வியாபாரியின் சரக்குப்போல வாரண்டு நாள்தோறும் கரைகிறது. சரக்கு கரையுமுன் மார்க்கெட்டில் விற்று, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.

இதுவரை சொன்னது அச்சாரம் கொடுப்பவர் கதை. அச்சாரம் வாங்கிக்கொள்பவர் நிலை வேறு. ஆப்ஷனை விற்பவருக்கு வருவது சிறு தொகை, பொறுப்போ பெரிது. 1762இல் தொடங்கிய லண்டன் பேரிங்ஸ் பாங்கை நினைவுகூருங்கள். அதன் சிங்கப்பூர்க் கிளையிலிருந்த நிக் லீசன், ஜப்பானியப் பங்குக் குறியீட்டின்மீது ஆப்ஷன்களை விற்றும், பெருமளவில் ஃபியூச்சர்ஸ் வாங்கியும் வந்தார். 1995 ஜனவரி 17இல் கோபே நகரில் பூகம்பம் ஏற்பட்டது. ஜப்பானியப் பங்குகள் விழுந்தன. நஷ்டம் 82 கோடி பவுனுக்குமேல். அடுத்த மாதமே பாங்கு கவிழ்ந்தது. ஒரே ஒரு பவுனுக்கு அதை விற்கும்படியாயிற்று.

தாயகத்திலும் படிப்பினையுண்டு. இந்தியப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் ‘செபி’ 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதற்கு முந்திய மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டப்பட்டனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்குமேல்.

அப்படியாயின் ஆப்ஷனால் பயனே இல்லையா? உண்டு. கையில் பங்கு வைத்திருப்பவர், விலை விழுமோ என்றஞ்சினால் ‘புட்’ வாங்கலாம். விலை விழுந்தாலும் குறித்த விலை அவரைத் தாங்கும். விழாவிட்டால் கொடுத்த பணம் காவற்கூலி. பங்கைச் சொந்தமாக வைத்துக்கொண்டு அதன்மீது மட்டும் ‘கால்’ விற்பதும் அமெரிக்காவில் வழக்கத்திலுள்ளது. விலை ஏறினால் பங்கைக் குறித்த விலைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். விழுந்தாலோ, வாங்கிய சிறு தொகை நஷ்டத்தில் கொஞ்சத்தையே குறைக்கும். கையில் பங்கில்லாமல் ‘கால்’ விற்பது, இல்லாத வீட்டுக்கு அச்சாரம் வாங்குவதற்கொப்பாகும்.

மார்க்கத் தீர்ப்பையும் நாம் கவனிக்க வேண்டும். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, உலகச் சந்தைகளில் நடைபெறும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் கூடா என்று தீர்மானித்தது. மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழுவோ, ஷரீஅத்துக்கு இசைந்த பங்குகளின்மீதான வாரண்டுகளையும் இசைந்தவை என வகைப்படுத்துகிறது. அதன் பட்டியல் ஆண்டுதோறும் மே, நவம்பர் மாதங்களில் வெளியாகிறது. அதைப் பார்த்து, ஆலிமொருவரிடம் விளக்கம் கேட்டபின்னரே இறங்குவது முறை.

கடைசியாக ஒன்று. சரக்குக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பணம், வேலையாள் சம்பளம், கடை வாடகை, இவற்றில் ஒரு வெள்ளியும் இந்த வழியில் போகலாகாது. முழுவதும் போனாலும் மறுநாள் காலை வழக்கம்போல் கடை திறக்க முடியுமா? முடியும் என்ற தொகை எதுவோ, அதுவே எல்லை. அதைத் தாண்டினால் முதலுக்கே மோசம்.